மூன்று நாள் சாறு மட்டும்

ஜூஸ் கிளென்ஸ் என்பது சில நாட்களுக்குத் திட உணவை அறவே நிறுத்திவிட்டு, பழம், காய், கீரை இவற்றின் சாற்றை மட்டும் குடித்திருப்பது. வீட்டில் செய்துபார்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே நாள் இருந்து பார்ப்பவர்களும் உண்டு, ஒரு வாரம் ஓட்டுபவர்களும் உண்டு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் வீதம் நாளைக்கு ஆறு தம்ளர் சாறு, இடையிடையே தண்ணீர், அவ்வளவுதான். காபி, டீ, பால், உப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு வீடுகளில் இதற்கென்று ஒரு பட்டியலே உருவாகிவிட்டது: விடிந்ததும் வெண்பூசணிச் சாறு, பிறகு ஆப்பிளும் பீட்ரூட்டும் கேரட்டும் சேர்ந்த ஏபிசி ஜூஸ், நெல்லிக்காய், வெள்ளரி, மாதுளை, சாயங்காலம் இளநீர். காலை நடைக்கு வருகிறவர்களை நம்பிப் பூங்கா வாசலில் அருகம்புல் சாறு விற்கும் கடைகளிலேயே இவற்றில் பாதி கிடைத்துவிடும். இதில் இறங்குகிறவர்கள் எதிர்பார்ப்பது இரண்டு: எடை குறைய வேண்டும், உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேற வேண்டும். முதலாவது எடை பார்க்கும் கருவியில் தெரியத்தான் செய்கிறது. அங்கே குறைவது என்ன, வெளியேறுவதாகச் சொல்லப்படும் நச்சு எது என்பவைதான் ஆராய வேண்டியவை.

உணவைக் குறைத்து உடம்பை லேசாக்கும் வழக்கம் புதிதல்ல. கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம், இளநீரோடு இருப்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அது முருகனுக்காக இருப்பது, நச்சுக் கணக்கு அதில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதிக்குப் போகவைத்த வீடுகளுக்கு வயிற்றைச் சுத்தம் செய்வது என்ற எண்ணமும் பழகியதே. இருந்தாலும் இன்றைய ஜூஸ் கிளென்ஸின் பூர்வீகம் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களிடையே ஒரு கொள்கை பரவலாக இருந்தது: பெருங்குடலில் தங்கும் கழிவு அழுகி, அதன் நச்சு இரத்தத்தில் ஏறித் தலைவலி, சோர்வு முதல் மூப்பு வரை எல்லாவற்றையும் உண்டாக்குகிறது என்பது. லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்துவிடும் அளவுக்கு இதை நம்பினார். 1919-இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் இந்தக் கொள்கையைப் பிரித்துப் போட்டார். மலச்சிக்கலில் வரும் தலைவலியும் மந்தமும், மலம் கழிந்த சில நிமிடங்களில் போய்விடுகின்றன. இரத்தத்தில் ஏறிய விஷம் அவ்வளவு வேகமாக இறங்காது, ஆகவே காரணம் குடல் விரிந்து நரம்புகள் தூண்டப்படுவதே என்று அவர் காட்டினார். மருத்துவம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. சந்தை கைவிடவில்லை.

1930-களில் நார்மன் வாக்கர் என்பவர் பச்சைக் காய்கறிச் சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று அமெரிக்காவில் எழுதினார்; தாமே ஒரு சாறு பிழியும் இயந்திரத்தையும் வடிவமைத்தார். அதற்குப் பின் வந்த ஸ்டான்லி பரோஸின் முறை இன்னும் கடுமையானது. எலுமிச்சைச் சாறு, மேப்பிள் மரப்பாகு, மிளகாய்த்தூள், தண்ணீர், இவை மட்டுமே குறைந்தது 10 நாளைக்கு. இதே எலுமிச்சைச் சாற்றோடு வண்ண விளக்கு ஒளியையும் வயிற்றை அழுத்திப் பிசைவதையும் சேர்த்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தந்தார் பரோஸ். நோயாளி ஒருவர் இறந்தார். வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-இல் கொலைக் குற்றத்திலிருந்து மட்டும் அவர் தப்பினார். உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றம் நிலைத்தது. இந்தப் பழங்கதை யாருக்கும் நினைவில்லாத 2006-இல், ஒரு திரைப்படத்துக்காகத் தாம் இதே முறையில் எடை குறைத்ததாகப் பாடகி பியான்சே சொல்ல, எலுமிச்சைச் சாற்று விரதம் மீண்டும் உலகைச் சுற்றி வந்தது.

இனி தம்ளருக்குள் இருப்பது. ஏபிசி ஜூஸையே எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர ஆப்பிள் ஒன்று, சின்ன பீட்ரூட் ஒன்று, கேரட் இரண்டு. பிழிந்து சக்கையை ஒதுக்கினால் ஏறக்குறைய 250 மில்லி சாறு வரும். அதில் சர்க்கரை 20 முதல் 25 கிராம், புரதம் இரண்டு மூன்று கிராம், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். இதேபோல ஆறு தம்ளர் குடித்தால் நாளைக்கு 700 கிலோகலோரிக்கு முன்பின், சர்க்கரை 120 முதல் 150 கிராம், புரதம் அதிகம் போனால் 18 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 54 கிராமும், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் அளவிலும் புரதம் வேண்டும். வெள்ளரி, வெண்பூசணி, கீரை என்று பழத்தைக் குறைத்துக்கொண்டால் சர்க்கரை குறையும், ஆனால் புரதம் அதிகரிக்காது.

பழத்தில் இருப்பது இயற்கைச் சர்க்கரைதானே என்ற வாதம் எப்போதும் வரும். முழுப் பழத்தைப் பொறுத்தவரை அது சரி. சாறாக்கிய பிறகு அதே சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தேன், சர்க்கரைப் பாகு இவற்றோடு ஒரே வகையில் வைக்கிறது. காரணத்தை 1977-இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறிய பரிசோதனை அழகாகக் காட்டியது. பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிள், வெவ்வேறு நாட்களில் மூன்று வடிவில் தரப்பட்டது: முழுசாக, மசித்த கூழாக, சாறாக. முழு ஆப்பிளைத் தின்ன எடுத்ததில் 11-இல் ஒரு பங்கு நேரத்தில் சாறு உள்ளே போயிற்று. வயிறு நிறைந்த உணர்வு சாற்றில்தான் ஆகக் குறைவு. சாறு குடித்த பிறகு இன்சுலின் அதிகமாகச் சுரந்து, கொஞ்ச நேரத்தில் இரத்தச் சர்க்கரை கீழே இறங்கிப்போனது. முழு ஆப்பிளில் அந்தச் சரிவு இல்லை. சாறு விரதத்தில் இருப்பவருக்கு ஒரு தம்ளர் குடித்த தெம்பு அடங்கியதும் ஒரு வெறுமை வருவதன் ஒரு காரணம் இது. நார்ச்சத்தின் பெரும்பகுதி இயந்திரத்தின் மறுவாயில் சக்கையாகத் தள்ளப்படுகிறது. பழைய மிக்சியில் அரைத்து வடிகட்டாமல் குடிப்பவர், பத்தாயிரங்களில் விலைபோகும் கோல்ட் பிரஸ் இயந்திரத்தில் பிழிந்து குடிப்பவரைவிட இந்த ஒரு விஷயத்தில் மேல். உயிருள்ள என்சைம்கள் சாற்றில் கிடைக்கும் என்று அந்த இயந்திரங்களை விற்பவர்கள் சொல்வது தனிக்கதை. என்சைம் ஒரு புரதம், வயிற்று அமிலமும் செரிமான நீர்களும் அதைப் பருப்பின் புரதத்தைப் போலவே பிரித்துப் போட்டுவிடும்.

மூன்று நாளில் உடம்புக்குள் நடப்பது ஓரளவு கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது. உடம்பு உடனடித் தேவைக்காகக் குளுக்கோஸைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் 100 கிராம் அளவுக்கு, தசைகளில் 400 கிராம் அளவுக்கு. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சாப்பாடு குறைந்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. 250 கிராம் கிளைகோஜன் செலவானால் அதோடு முக்கால் லிட்டர் தண்ணீரும் சிறுநீராக வெளியேறும். மொத்தம் ஒரு கிலோ. உணவில் உப்பு நின்றுபோவதால் இன்னும் கொஞ்சம் நீர் போகும். சோறும் நார்ச்சத்தும் இல்லாததால் குடலில் சாதாரணமாக இருக்கும் பாரமும் குறையும். கொழுப்பின் பங்கு எவ்வளவு? நாளைக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவர் 700-இல் நின்றால் மூன்று நாளில் 3,900 குறை விழும். உடல் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கிலோகலோரி. குறை முழுவதையும் கொழுப்பே ஈடுகட்டினாலும் அரைக் கிலோதான். கிளைகோஜனும் தசையும் தங்கள் பங்கைத் தருவதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

தசை இதில் வருவதற்குக் காரணம், புரதத்துக்கு உடம்பில் தனிக் கிடங்கு இல்லாதது. உள்ளே வருவது போதாதபோது, இருக்கும் புரதத்தை உடைத்துத்தான் அன்றாடப் பழுதுபார்ப்பு நடக்க வேண்டும். மூன்று நாளில் இந்த இழப்பு சிறிது, மீண்டும் சாப்பிட்டதும் சரியாகிவிடும். ஆனால் பட்டினியின் பலன்கள் என்று எழுதப்படுபவற்றை எதிர்பார்த்து இதில் இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. மூளைக்கு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் வேண்டும். ஆறு தம்ளர் சாற்றின் சர்க்கரை அதற்கே போதும். உடம்பு கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோனுக்கு மாறும் அவசியம் பெரிதாக எழுவதில்லை. ஆக, இது முழு விரதமும் ஆகாது, முழுச் சாப்பாடும் ஆகாது. புரதமும் கொழுப்பும் இல்லாத, சர்க்கரை மிகுந்த அரைப்பட்டினி.

இரண்டாம் நாள் தலைவலி இந்த விரதத்தின் புகழ்பெற்ற கட்டம். நச்சு வெளியேறும்போது இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இதைப் பரப்புகிறவர்கள் சொல்வார்கள். காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடித்துப் பழகிய ஒருவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும்; முதல் இரண்டு நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும்; எரிச்சல், தூக்கக் கலக்கம், கவனமின்மை கூட வரும். காஃபீன் நின்றதன் இந்தக் கால அட்டவணை சாறு விரதத்தின் இரண்டாம் நாளோடு அப்படியே பொருந்துகிறது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது உப்பும் நீரும் குறைந்ததன் விளைவு. வயிற்றுப்போக்கு பலருக்கு வருவது ஆப்பிள், பேரிக்காய்ச் சாறுகளில் இருக்கும் சார்பிட்டாலும் மிஞ்சிய பிரக்டோஸும் குடலில் முழுதாக உறிஞ்சப்படாததால். சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனால் அது பீட்ரூட்டின் நிறமி. சிலருக்கு மட்டும் அப்படிப் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

நச்சு என்ற பேச்சுக்கு வந்தால், முதலில் கேட்க வேண்டியது எந்த நச்சு என்பதுதான். 2009-இல் பிரிட்டனில் சென்ஸ் அபவுட் சயன்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள், டீடாக்ஸ் என்ற பெயரில் விற்ற 15 பொருட்களின் தயாரிப்பாளர்களைத் தொடர்புகொண்டு இதையே கேட்டார்கள். எந்த இரண்டு நிறுவனமும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருளைச் சொல்லவில்லை. வெளியேறும் நச்சின் பெயரைச் சொல்லி ஆதாரம் காட்டவும் முடியவில்லை. டீடாக்ஸ் உணவுமுறைகளைப் பற்றி 2015-இல் வந்த ஒரு விமர்சன ஆய்வும், நச்சு வெளியேற்றத்தை முறையான ஒப்பீட்டுச் சோதனையில் நிரூபித்த ஆய்வு ஒன்றுமில்லை என்றே முடித்தது.

உடம்பில் உண்மையிலேயே நச்சு உண்டு. அதை வெளியேற்றும் ஏற்பாடும் ஓயாமல் நடக்கிறது. புரதம் செரித்தபின் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவு நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியேற்றி மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. குடலின் உட்படலம் மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பிக்கப்படுகிறது. அதன் சுவரில் வருஷக்கணக்கில் கசடு ஒட்டிக்கொண்டிருக்க இடமே இல்லை. ஒரு பாராசிட்டமால் மாத்திரை போகும் வழியைப் பார்த்தால் இந்த வேலை புரியும். அதில் பெரும்பகுதியோடு கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ இணைத்து, தண்ணீரில் கரையும்படி செய்து சிறுநீருக்கு அனுப்புகிறது. சிறு பகுதி மட்டும் கல்லீரலையே அழிக்கவல்ல ஒரு பொருளாக மாறும். அதைப் பிடித்து முடக்குவது குளூட்டாதயோன். இந்தக் குளூட்டாதயோன் மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. அமினோ அமிலம் வருவது பருப்பு, முட்டை, பால், மீன், இறைச்சியிலிருந்து. நச்சு நீக்கம் என்ற பெயரில் நிறுத்தப்படுவது, அந்த வேலைக்கு உடம்பு நம்பியிருக்கும் பொருளைத்தான். டிடிடி, டையாக்சின் போன்ற நீடித்த மாசுகள் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்குபவை. ஈயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். ஈயம் அபாய அளவில் ஏறியவருக்கு அதைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகளை மருத்துவமனையில் தருகிறார்கள். நெல்லிக்காய்ச் சாறு அந்த வேலையைச் செய்யாது.

நச்சு வெளியேறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்பவர்களும் உண்டு. 2005-இல் லான்செட் இதழ் அப்படி ஒரு நிகழ்வைப் பதிவு செய்தது. பித்தப்பைக் கல் இருந்த 40 வயதுப் பெண் ஒருவர், யாரோ சொன்ன முறைப்படி ஆப்பிள் சாறும் காய்கறிச் சாறும் மட்டும் குடித்திருந்து, மாலையில் 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் குடித்தார். மறுநாள் மலத்தில் பச்சை நிறத்தில் மிருதுவான உருண்டைகள் பல வந்தன. அவர் அவற்றை எடுத்து ஃப்ரீசரில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனார். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் அவற்றில் கொலஸ்ட்ராலும் இல்லை, பித்தநிறமியும் இல்லை, கால்சியமும் இல்லை, சூடாக்கியதும் உருகின. குடித்த எண்ணெயைச் செரிமான நொதிகள் உடைக்க, எலுமிச்சைச் சாற்றின் பொட்டாசியத்தோடு அது சேர்ந்து குடலுக்குள்ளேயே உருவான சோப்பு அது. பித்தப்பைக் கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பின்பு அறுவை சிகிச்சையில் பித்தப்பையை எடுத்தார்கள்.

சாறு விரதத்துக்குச் சாதகமான ஆய்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 20 ஆரோக்கியமானவர்களை வைத்து நடந்து, 2017-இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் சாற்றுக்குப் பிறகு எடை சராசரியாக 1.7 கிலோ குறைந்திருந்தது. அதில் ஒரு பகுதி இரண்டு வாரம் கழித்தும் திரும்பவில்லை. குடல் நுண்ணுயிர்களின் விகிதம் மாறியது, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் அளவும் கூடியது. பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் நிறைய இருப்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அந்த ஆய்வில் இல்லை. 2025-இல் வெளியான நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில் 14 பேர்தான் என்றாலும் மூன்று பிரிவு இருந்தது: சாறு மட்டும், சாற்றோடு உணவு, முழுத் தாவர உணவு. சாறு மட்டும் குடித்தவர்களின் வாயில், அழற்சியோடு தொடர்புள்ள நுண்ணுயிர் வகைகள் மூன்றே நாளில் கூடியிருந்தன. தாவர உணவை முழுதாகச் சாப்பிட்டவர்களிடம் மாற்றம் சாதகமாக இருந்தது. நார்ச்சத்து போய்ச் சர்க்கரை மட்டும் வருவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சாறு குடித்தவர்கள் உடம்பு லேசாக இருக்கிறது என்று சொல்வதில் பொய்யில்லை. மூன்று நாள் பொரித்ததும் பாக்கெட் தீனியும் மதுவும் இரவு பத்து மணிச் சாப்பாடும் நின்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஆரோக்கியமான ஒருவருக்கு மூன்று நாளில் பெரிய கெடுதல் வராது. கெடுதல் வந்த இடங்களில் பெரும்பாலும் காரணம் குறிப்பிட்ட ஒரு காய், அல்லது குடித்தவருக்கு ஏற்கனவே இருந்த நோய். இந்தியாவில் முதலில் சொல்ல வேண்டியது சுரைக்காய். 2010-இல் தில்லியில் ஒருவர் பாகற்காய்ச் சாறு கலந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்தார். கூடக் குடித்த மனைவி மருத்துவமனையில் பிழைத்தார். இதையடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து, இதுபோன்ற பிற பாதிப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தது. சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பச் செடிகள் தங்களைத் தின்ன வரும் பூச்சிக்கும் விலங்குக்கும் எதிராகக் குகுர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்குகின்றன. வழக்கமாக நாம் வாங்கும் காயில் அது மிகக் குறைவு. சில காய்களில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறிவிடும். வெளித்தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. குடித்தவருக்குக் கொஞ்ச நேரத்தில் வயிற்றுவலி, வாந்தி, பேதி, இரத்த வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று வரிசையாக வரும், முறிமருந்து கிடையாது. குழுவின் அறிவுரை எளிமையானது: பிழிவதற்கு முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்க வேண்டும், கசந்தால் காயையே எறிந்துவிட வேண்டும், சுரைக்காய்ச் சாற்றோடு வேறு சாறு எதையும் கலக்கக் கூடாது. பாகற்காயோடு கலந்தால் சுரையின் கசப்பு நாக்குக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் இதன் காரணம். உடம்புக்கு நல்லது என்றால் கசக்கத்தான் செய்யும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பது இந்த ஒரு காயில் உயிருக்கு உலை.

ஆபத்தான இன்னொன்று, சில தாவரங்களில் இருக்கும் ஆக்சலேட். பாலக் கீரை, பீட்ரூட், நட்சத்திரப் பழம், பிலிம்பிக்காய் இவற்றில் அது அதிகம். சமைத்துத் தின்னும்போது ஒரு பிடிக் கீரை. சாறாகும்போது ஒரு கட்டே தம்ளருக்குள் அடங்கிவிடும். அளவு மீறினால் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். கொலஸ்ட்ரால் குறைவதற்காகப் பிலிம்பிக்காய்ச் சாறு குடித்துச் சிறுநீரகம் செயலிழந்த 10 பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதினார்கள்; பலருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 2018-இல் பதிவான நிகழ்வில், முன்பு இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டு, நீண்ட காலம் ஆன்டிபயாட்டிக்கும் எடுத்திருந்த 65 வயதுப் பெண்ணுக்குப் பச்சைக் கீரைச் சாற்று விரதத்தால் சிறுநீரகம் மீளாமலே போயிற்று.

ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால், சாறு குடித்ததும் எகிறும் சர்க்கரை அடுத்த சில மணி நேரத்தில் அபாயமாகத் தாழ்ந்துவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்குக் கீரைச் சாற்றின் வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். பம்ப்ளிமாஸ் சில கொலஸ்ட்ரால், இரத்த அழுத்த மருந்துகளின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரே ஆபத்து. ஒரு தம்ளரில் ஏறத்தாழ அரை கிராம் பொட்டாசியம் இருக்கிறது, அது வெளியேறாமல் தேங்கினால் இதயத் துடிப்பைக் குலைக்கும். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்கள் இதன் பக்கமே போகத் தேவையில்லை.

இவை எதுவும் இல்லாத ஒருவர் செய்துபார்ப்பதானால் கவனிக்க வேண்டியவை சில. காபியை ஒரு வாரம் முன்பிருந்தே படிப்படியாகக் குறைத்தால் இரண்டாம் நாள் தலைவலி பெரும்பாலும் வராது. காய்களைப் பிழிவதற்கு முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். 1996-இல் அமெரிக்காவில் சூடாக்காத ஆப்பிள் சாற்றின் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் பலர் நோயுற்று ஒரு குழந்தை இறந்தது. மூன்று நாளைக்கும் சேர்த்து ஒரேயடியாகப் பிழிந்து வைக்காமல் அவ்வப்போது பிழிந்து குடிப்பது மேல். எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லிச் சாறுகளை நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல் எனாமல் கரையும். குடித்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்தே பல் தேய்க்க வேண்டும். வடிகட்டாமல் குடிப்பது, ஒரு வேளையாவது மோரோ நீர்த்த பருப்புத் தண்ணீரோ உப்புப் போட்டுச் சேர்ப்பது, அந்த நாட்களில் கடும் உடற்பயிற்சியைத் தவிர்ப்பது எல்லாம் சிரமத்தைக் குறைக்கும். அப்படிச் சேர்த்தால் அது ஜூஸ் கிளென்ஸே இல்லை என்று தூய்மைவாதிகள் ஆட்சேபிக்கக்கூடும். மயக்கம், படபடப்பு, விடாத வாந்தி இருந்தால் விரதத்தை அங்கேயே முடித்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நான்காம் நாள் கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று தொடங்கி அடுத்த நாள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம். மூன்று நாளில் குடல் ஒன்றும் பழக்கம் மறந்துவிடாது. சோறும் உப்பும் உள்ளே போனதும் கிளைகோஜன் கிடங்கு நிரம்பத் தொடங்கும், அதோடு தண்ணீரும் வந்து சேரும். இரண்டு மூன்று நாளில் எடைக் கருவியின் முள் ஒரு கிலோ அளவுக்கு ஏறினால் அது கொழுப்பு இல்லை. அதற்குப் பயந்து மறுபடி சாற்றுக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை.